பதின்ம வயதுப் பிள்ளையோடு ஒரு நாவல் படிப்பது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை காலைகளில், இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 முதல் படிவம் 5 வரை (ஏறக்குறைய 14 முதல் 17 வயது) படிக்கும் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து நாவல் வாசிக்கிறேன். அது டியூஷன் கிடையாது, பரீட்சைக்கான வகுப்பும் கிடையாது. பிள்ளைகளை ஏற்றிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நாவல் என்று நான் இங்கே சொல்வது பெரும்பாலும் நம் காலத்தில் எழுதப்பட்ட இலக்கிய நாவல்களை. துப்பறியும் கதைகளையும் காதல் கதைகளையும் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கட்டும், அதற்கு அப்பா அம்மாவின் துணை தேவைப்படாது.

நாவல் படித்தால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? எஸ்பிஎம்முக்கு உதவுமா?

படிவம் 5 முடிவில் எழுதும் அந்தத் தேர்வுக்கு உதவும். நீளமான வாக்கியங்களை வாசித்துப் பழகிய பிள்ளையின் கட்டுரையில் அது தெரியும், கருத்துணர்தல் பகுதியிலும் அவ்வளவாகத் தடுமாறாது. தமிழ் இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுக்கிற பிள்ளைக்கு நாவல் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் அதற்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு நாள் முழுக்க யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்: இந்தப் பாடத்தை எடு, அந்தப் பையனோடு சேராதே, கைப்பேசியைக் கீழே வை. நல்ல நாவலில் அப்படிச் சொல்வதற்கு யாரும் இருப்பதில்லை. ஒருத்தி பொய் சொல்கிறாள், ஒருவன் பயந்து ஒதுங்கிப் போகிறான், எழுதியவர் அவர்களைத் திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார், வாசிக்கிற பிள்ளைதான் ‘இவள் செய்தது சரியா, வேறு என்ன செய்திருக்க முடியும்’ என்று தானாக யோசித்தாக வேண்டும். விளைவு தெரியாத நிலையில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க 2013 முதல் அதில் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும், அதனால் பிள்ளைகள் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைத் தேதி தேதியாக மனப்பாடம் செய்கிறார்கள். சயாம், பர்மா ரயில்பாதை 1942, 1943 ஆண்டுகளில் போடப்பட்டது, சுமார் 415 கிலோமீட்டர் நீளம், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிள்ளையிடம், தோட்டத்திலிருந்து ஒருவன் அந்த வேலைக்குப் போன அன்று வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். நம் நாட்டு எழுத்தாளர்கள் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்றும் இதைப் பற்றியே நாவல் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைப் படித்த பிள்ளைக்கு அந்தத் தேதிகள் தானாக நினைவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எந்த நாவலில் தொடங்குவது?

என் தேர்வு பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. 2016-இல் வந்தது, சிறிய நாவல், ஒரு பள்ளி விடுமுறைக்குள் நிதானமாக முடித்துவிடலாம். வறண்ட ஊர் ஒன்றில் ஒரு கிழவனும் கிழவியும். எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் கிழவனிடம் கறுப்பு ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். குட்டி அவ்வளவு சிறியது, பிழைக்குமா என்பதே சந்தேகம். கிழவி அதைக் காப்பாற்றி வளர்க்கிறாள், அந்த ஆட்டின் வாழ்க்கைதான் கதை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் கதை புரிந்துவிடும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அரசாங்கம், பயம், பஞ்சம், ஒரு பெண்ணின் உடலைப் பற்றி யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் தெரியத் தொடங்கும். இப்படி இரண்டு வயதுக்கும் இடம் கொடுக்கிற புத்தகங்கள் குறைவு.

இந்த நாவல் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 2010-இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 கடைசியில் பெரிய போராட்டம் நடந்து, 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அவர் எழுதிய நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, அதனால் ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்கிற அர்த்தத்தில் முன்னுரையிலேயே பேசுகிறார். இதைக் கேட்டபின் பிள்ளைகள் ‘ஆட்டுக் கதையா டீச்சர், சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே’ என்று சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

போர், வரலாறு என்றால் ஆர்வம் காட்டும் பிள்ளை என்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று. அறுநூறு, எழுநூறு பக்கப் பெரிய நாவல்களை முதலில் தொட வேண்டாம், எவ்வளவு நல்ல நாவலாக இருந்தாலும்.

எனக்கே நாவல் படித்துப் பழக்கம் இல்லை. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கூடப் படியுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால், அது பிள்ளைக்கு இன்னொரு வீட்டுப்பாடம். நீங்களும் அதே நாவலை, முடிந்தால் அதே வாரத்தில், அதே அத்தியாயத்தைப் படித்துக்கொண்டு வந்தால் நிலைமையே வேறு. உங்களுக்குப் புரியாத இடம் இருந்தால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அப்பாவுக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் விளக்கிச் சொல்ல முன்வருகிற பிள்ளைகள் நிறைய பேர். அந்த வயதுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

இலக்கியம் படித்தவராக நீங்கள் இருக்கத் தேவையில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தி, வேலை பார்த்து, கடன் அடைத்து, உறவுகளோடு சண்டை போட்டுச் சமாதானமாகி இருக்கிறீர்கள். ஒரு நாவலில் வரும் மனிதர்களைப் பற்றிப் பேச அதுவே போதும், பிள்ளையிடம் இல்லாததும் அதுதான்.

என்ன கேள்வி கேட்பது? ‘கதை எப்படி இருக்கு’ என்றால் ‘ஓகேலா’ என்கிறான்.

‘கதை எப்படி’ என்ற கேள்விக்கு ‘ஓகே’தான் பதில், நாமும் அதைத்தான் சொல்வோம்.

முதலில், உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். சோதிக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், அதன்பிறகு சரியான விடையைத் தேடுவார்களே தவிர யோசிக்க மாட்டார்கள். உங்களுக்கே உறுத்தலாக இருக்கிற இடத்தைக் கேளுங்கள்.

பூனாச்சியில் ஓர் இடம் வருகிறது. ஆடுகளுக்குக் காது குத்தி அடையாளம் போட வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. கிழவியும் கிழவனும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறார்கள். நீண்ட வரிசை, காத்திருப்பு, ஆட்சியைப் பற்றி ஆளாளுக்குத் தாழ்ந்த குரலில் பேச்சு. குட்டி எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டால் நம்பும்படியாகச் சொல்ல இவர்களிடம் ஒன்றுமில்லை. போதாததற்குக் கறுப்பு ஆடு, இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதற்கென்று தனிச் சந்தேகம் வேறு. இந்தப் பகுதியை நாங்கள் படித்தபோது நான் தயாரித்து வைத்திருந்த எதையும் கேட்கவில்லை, ‘இந்த வரிசையில் யாருக்கு அதிகப் பயம்’ என்று மட்டும் கேட்டேன். ஒருவன் கிழவன் என்றான், இன்னொருத்தி இல்லை, அதிகாரிக்குத்தான் பயம், அதனால்தான் இத்தனை கேள்வி கேட்கிறார் என்றாள். அப்போது படிவம் 4 படிக்கும் ஒரு பெண் பிள்ளை, தன் பாட்டி கடைசி வரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தார், குடிமக்களுக்கான நீல அட்டைக்காக அவர் எத்தனை தடவை இப்படிப் போய் நின்றார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றாள். பன்னிரண்டு வயதில் மைகார்டு அடையாள அட்டையை எடுத்து அதை மறந்தே போன பிள்ளைகள் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அன்றைக்கு நாங்கள் அந்த அத்தியாயத்தைத் தாண்டவில்லை, தாண்டத் தேவையும் இருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். தோட்டத்தை விட்டு வந்த கதை, லயத்து வீட்டுக் கதை, பிறப்புப் பத்திரம் கிடைக்காமல் அலைந்த கதை. நாவல் அதைக் கிளப்பிவிட்டால் சொல்லுங்கள், புத்தகம் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

இரண்டாவது, பிள்ளை எதைச் சொன்னாலும், அது தப்பாகவே பட்டாலும், ‘எந்த வரியைப் படிச்சப்போ உனக்கு அப்படித் தோணுச்சு?’ என்று கேளுங்கள். பிள்ளை புத்தகத்தைத் திறந்து அந்த வரியைத் தேடும், தேடும்போது திரும்பவும் படிக்கும், பாதி நேரம் தன் கருத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். நீங்கள் திருத்த வேண்டியதே வராது. பள்ளிக்கூடத்தில் சான்று காட்டி எழுது என்று சொல்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, யார் கண் வழியாகக் கதை வருகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். பூனாச்சியில் சில இடம் கிழவியின் பக்கத்திலிருந்து வரும், சில இடம் ஆட்டின் பக்கத்திலிருந்து. ஒரே நிகழ்ச்சி கிழவிக்கு நல்லதாகவும் ஆட்டுக்குக் கொடுமையாகவும் இருக்கும். இதை ஒரு பிள்ளை பிடித்துவிட்டால் அதன்பிறகு செய்தித்தாள் வாசிப்பதே மாறிவிடும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். காரில் கேளுங்கள். ஜாலான் ஈப்போ நெரிசலில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது பதின்ம வயதுப் பிள்ளைகள் பேசுவது போல வேறு எங்கேயும் பேசுவதில்லை.

ஆனால் பள்ளியில் கருப்பொருள், படிப்பினை என்றுதானே கேட்கிறார்கள்?

ஆமாம், கருப்பொருள், துணைக்கருப்பொருள், கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி, மொழிநடை, படிப்பினை என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். இவை தேவையான தலைப்புகள்தான், பரீட்சையில் இவற்றின்படி எழுதினால்தான் புள்ளி. எனக்கு மனத்தாங்கல் இருப்பது வரிசையில். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே கதை முடிந்ததும் ‘இக்கதையின் படிப்பினை யாது’ என்று கேட்டுக் கேட்டு, நம் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே படிப்பினையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள், கிடைத்தவுடன் வாசிப்பு நின்றுவிடுகிறது.

பூனாச்சியில் பாதி படித்துவிட்டு ஒரு பையன் ‘பிராணிகளிடம் அன்பு காட்ட வேண்டும்’ என்று எழுதிக் கொண்டுவந்தான். நான் அவனைக் கேட்டேன்: சரி, கிழவி அன்பு காட்டினாள், தூக்கமில்லாமல் வளர்த்தாள். பூனாச்சி ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டதும் அந்தக் குட்டிகளை ஏன் விற்றாள்? அப்போது அவள் அன்பு எங்கே போனது? அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அன்பும் இருக்கு, காசும் வேணும், ரெண்டும் இருக்கலாம்ல டீச்சர்’ என்றான். அவன் முதலில் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதை எழுத நாவலே படிக்கத் தேவையில்லை, பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் வாசகம் போதும். இரண்டாவதாகச் சொன்னது அவனாகக் கண்டுபிடித்தது.

அதனால் நாவலை முழுதாகப் படித்துப் பேசி முடியுங்கள். தலைப்புகளை அதன்பிறகு எடுங்கள். பேசியதை எல்லாம் அந்தத் தலைப்புகளுக்குக் கீழே போட்டு எழுதச் சொன்னால் பிள்ளை சுலபமாக எழுதிவிடும், ஏனென்றால் சொல்வதற்கு அதனிடம் ஏதோ இருக்கிறது. விளக்கவுரை நூலைப் பார்த்து எழுதிய பதிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆசிரியரும் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

என் மகளுக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வராது. தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு தொடர்பே விட்டுப்போச்சு.

இது நிறைய வீடுகளில் இருக்கிற நிலைமை. 1996 கல்விச் சட்டப்படி ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு. பல இடைநிலைப்பள்ளிகளில் அந்த எண்ணிக்கை சேர்வதில்லை, சேர்ந்தாலும் வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே போய்விடுகிறது. பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிப்பது அவள் குற்றம் இல்லை.

நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பதினாறு வயதில் யாராவது வாசித்துக் காட்டுவார்களா என்று கேட்பீர்கள், காட்டலாம். முதல் இரண்டு மூன்று அத்தியாயங்கள் நீங்கள் வாசிக்க அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வரட்டும். பூனாச்சியில் கொங்கு வட்டாரத்துப் பேச்சும் ஆடு வளர்ப்பவர்களின் சொற்களும் வரும், கண்ணால் பார்த்தால் புரியாதது காதில் விழும்போது பாதி புரிந்துவிடும், நம் பாட்டிகள் பேசியதில் அந்த வாடை கொஞ்சம் இருக்கும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தாதீர்கள். பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போகட்டும், அத்தியாயம் முடிந்ததும் அவளுக்கு எது தெரிய வேண்டும் என்று தோன்றுகிறதோ அதை மட்டும் பாருங்கள். மற்றது தானாக விளங்கிவிடும், விளங்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

ஆங்கிலத்தில் படித்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை. தமிழில் படித்தால் எனக்கு மகிழ்ச்சி, ஆனால் தமிழ் வராது என்பதற்காக ஒரு பிள்ளை நாவலே படிக்காமல் வளர்வதை நான் விரும்பவில்லை.

பூனாச்சிக்கு என். கல்யாணராமன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2018-இல் வந்திருக்கிறது. நீங்கள் தமிழிலும் பிள்ளை ஆங்கிலத்திலும் படித்துக்கொண்டு போகலாம். இதில் ஒரு நன்மை இருக்கிறது: இந்த இடத்தில் தமிழில் என்ன இருக்கிறது என்று ஏதோ ஒரு கட்டத்தில் பிள்ளையே கேட்கும், அப்போது அந்தப் பத்தியை மட்டும் தமிழில் சேர்ந்து படியுங்கள்.

நம் நாட்டுக் கதை வேண்டும் என்றால் டான் டுவான் எங் எழுதிய ‘தி கிஃப்ட் ஆஃப் ரெயின்’ இருக்கிறது, 2007-இல் வந்தது, போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் பினாங்கில் நடக்கும் கதை, தொடங்கும்போது நாயகனுக்குப் பதினாறு வயது. தடித்த புத்தகம், ஆகவே படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு. அவன் நம்பி நேசித்த ஒரு ஜப்பானியர் எதிரியின் ஆளாக மாறும்போது அவன் யார் பக்கம் நிற்க வேண்டும் என்ற கேள்வி அதில் கடைசி வரை இருக்கிறது. ஈப்போவில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றி பிரீத்தா சமரசன் எழுதிய ‘ஈவ்னிங் இஸ் த ஹோல் டே’ 2008-இல் வந்தது. அதைப் பதினேழு வயதுக்குப் பிறகு கொடுங்கள், முதலில் நீங்கள் படித்துவிட்டு.

பத்துப் பக்கம் படித்துவிட்டு ‘போரிங்லா’ என்று வைத்துவிட்டான்.

முதல் பத்துப் பக்கம் எல்லாருக்கும் கஷ்டம். யார் யார், எந்த ஊர், என்ன காலம் என்று ஒன்றும் பிடிபடாது. சேர்ந்து முப்பது நாற்பது பக்கம் வரை போங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு புத்தகம் எடுங்கள், திட்டாமல். பிடிக்காத நாவலைக் கட்டாயப்படுத்தி முடிக்க வைத்தால் அந்த ஒரு நாவல் முடியும், வாசிப்பும் அதோடு முடியும்.

நாவலில் கெட்ட வார்த்தை, உடலுறவு பற்றியெல்லாம் வருகிறதே?

வரும். பூனாச்சியிலேயே ஆடுகள் இணைவது பற்றி வருகிறது, விருப்பமில்லாமல் பூனாச்சி ஒரு கிடாயிடம் விடப்படும் இடம் வருகிறது. மகளோடு படிக்கும் அம்மாக்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாமா என்று கேட்டார்கள். தாண்டாதீர்கள் என்பதே என் பதில். விருப்பம் என்றால் என்ன, கட்டாயம் என்றால் என்ன என்பதை ஒரு ஆட்டை வைத்துப் பேசுவது, பெண் பிள்ளையைப் பற்றியே நேராகப் பேசுவதைவிட இரண்டு பேருக்கும் சுலபம். அந்தப் பேச்சு பதினைந்து வயதுக்குள் நடந்தாக வேண்டிய பேச்சு, ஆண் பிள்ளைகளோடும்தான்.

அதற்காக எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் என்று சொல்லமாட்டேன். நீங்கள் முதலில் படித்துவிட்டால் எதை எப்போது கொடுப்பது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். 2020 டிசம்பரில் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை நம் உள்துறை அமைச்சு தடை செய்தது பெரிய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், ஏன் என்று கேட்பார்கள். ஒரு புத்தகத்தைத் தடை செய்யலாமா, யார் அதை முடிவு செய்வது என்று வீட்டில் பேசுங்கள். அந்தப் பேச்சில் நீங்களும் பிள்ளையும் ஒத்துப்போகாவிட்டாலும் சரி.

சாதி பற்றிய நாவலைக் கொடுக்கலாமா? இங்கே அதெல்லாம் இல்லை, ஏன் கிளற வேண்டும்?

கல்யாணப் பேச்சு எடுக்கும்போது ‘நம்ம ஆளுங்களா’ என்று கேட்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதன் அர்த்தம் என்ன என்று யாரும் சொல்லாததால் அவர்களாக ஏதோ நினைத்துக்கொள்கிறார்கள், அல்லது சமூக ஊடகத்தில் சாதிப் பெருமை பேசும் காணொளியிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள். அதைவிட நாவல் ஆயிரம் மடங்கு மேல். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டிவரும் ஒருவனைப் பற்றியது, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது. படிவம் 5 பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். படித்தபின் பிள்ளை உங்களிடம் கேட்கப் போகும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும் என்றால் மட்டும் கொடுங்கள். நாமும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துச் சம்பந்தம் செய்தோம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுருக்கத்தை ஏஐ-யிடம் கேட்டு ஒப்பித்துவிடுகிறானே?

சுருக்கத்தை வைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியை நாம் கேட்கிறோம் என்று அர்த்தம். ‘உனக்கு எந்த இடத்தில் கிழவி மேல் கோபம் வந்தது?’ என்றால் சுருக்கம் உதவாது. ஏதோ ஒரு பதிலைச் சொன்னாலும், ‘அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டு’ என்றதும் தெரிந்துவிடும். இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. நாவலை முடித்தபின் அதே சுருக்கத்தை எடுத்து வைத்து, இதில் எது விட்டுப்போயிருக்கிறது, எது தப்பு என்று பிள்ளையைத் திருத்தச் சொல்லலாம். தான் படித்தது இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆனந்தம்.

நேரமே இல்லையே? பள்ளி, புறப்பாட நடவடிக்கை, டியூஷன்…

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், தூங்கப் போகும் முன், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. உங்கள் கைப்பேசியையும். எஸ்பிஎம் நெருங்கும் மாதங்களில் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் நாவலைத் திணிப்பது பாவம். படிவம் 1, 2, 3 ஆண்டுகள்தான் தோதான காலம், 2022-இல் படிவம் 3 பிள்ளைகளுக்கான பிடி3 தேர்வை எடுத்துவிட்ட பிறகு அந்த மூன்று வருடமும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

புத்தகம் எங்கே வாங்குவது? விலை கூடுதலாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்துத் தமிழ்ப் புத்தகக் கடைகளில் கேளுங்கள், கையிருப்பில் இல்லாவிட்டாலும் வரவழைத்துத் தருவார்களா என்று விசாரியுங்கள். ஆங்கில நாவல்களுக்குக் கேஎல்சிசியில் உள்ள கினோகுனியா. மின்னூலாக வாங்கினால் மலிவு, அஞ்சல் செலவும் இல்லை. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்: வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கென்று தரப்படும் 2,500 ரிங்கிட் வரையிலான கழிவில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கிய புத்தகங்களும் சேரும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கி மாற்றிக்கொள்வதும் உண்டு, பிள்ளைகள் தங்களுக்குள் கதையைப் பேசிக்கொள்ள அது நல்ல வழி.

முடித்துவிட்டோம். அவளுக்கு முடிவு பிடிக்கவில்லை, அழுதுவிட்டாள். அடுத்து என்ன?

முடிவு பிடிக்கவில்லை என்று கோபப்படுகிற பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறாள். சமாதானம் சொல்லாதீர்கள், எப்படி முடிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். எழுதிப் பார்க்கட்டும், ஒரு பக்கம் போதும். எழுதும்போதுதான் தெரியும், கிழவியைக் காப்பாற்றினால் ஆட்டை விற்றாக வேண்டும், ஆட்டைக் காப்பாற்றினால் பஞ்சத்தில் கிழவியும் கிழவனும் என்ன சாப்பிடுவார்கள் என்று பதில் சொல்ல வேண்டும். எழுத்தாளர் எங்கே மாட்டிக்கொண்டாரோ அங்கே அவளும் மாட்டிக்கொள்வாள்.

அடுத்த புத்தகத்தை அவள் தேர்ந்தெடுக்கட்டும், நீங்களும் அதைப் படியுங்கள். கொரிய நாவலோ ஜப்பானிய நாவலோ, அட்டையைப் பார்த்தே உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முப்பது நாற்பது பக்கம் வரை போங்கள்.